பல்லாவரம் சந்தையில் பழைய பொருள் வியாபாரம்

சென்னை பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் சந்தையில் காய்கறி, பூச்செடி, கோழி, புறா எல்லாம் உண்டு. ஆனால் அதன் உண்மையான ருசி பழைய பொருள் வரிசையில்தான். 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டுக்குப் பிறகு, கண்டதையும் கிளறிப் பார்க்கும் ஆசை உள்ளவர்களுக்கு இது நல்ல புகலிடம்.

வியாபாரி காலையிலேயே தார்ப்பாயை விரித்துவிடுவார். மூடியில்லாத மிக்ஸி ஜார், சுற்றிவைத்த சார்ஜர் வயர்கள், பிடி தேய்ந்த ஸ்பானர்கள், ஜோடி இல்லாத ஸ்பீக்கர் என்று பரப்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணில் படவேண்டியது ஓரத்தில், மற்றவை குவியலில். குவியலைத் தானே கிளறி எடுத்த பொருளை வாங்குபவர் எளிதில் விடமாட்டார்.

விலைச்சீட்டு கிடையாது. ஆளையும், அவர் பொருளைப் பிடிக்கும் விதத்தையும் பார்த்தே விலை பிறக்கிறது. ஸ்பானரின் வாயை விரலால் தடவிப் பார்ப்பவரிடம் கூட்டிச் சொல்லிப் பயனில்லை, அவர் மெக்கானிக். போணி ஆகும்வரை பேரத்தில் இளக்கம் அதிகம். உத்தரவாதம் என்ற பேச்சே இல்லை. ஓடுகிறதா என்று அங்கேயே சோதித்துக்கொள்ள வேண்டும். கேட்க வெட்கப்படுபவர் இங்கே ஏமாறத்தான் செய்வார்.

வெயில் தாழ்ந்ததும் விலை இறங்கும். விற்காததில் தேறுவது அடுத்த வெள்ளிக்காக மூட்டை கட்டப்படும். மிச்ச இரும்பு எடைக்கணக்கில் காயலான் கடைக்குப் போகும்.