தாங்கும் தளமும் இயங்கும் திரையும்: அரங்கேற்றுகாதை உரைவழி ஒரு திறனாய்வு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை கூறும் ஆடரங்கம் பெரும்பாலும் கட்டடக்கலைச் சான்றாகவே பயிலப்படுகிறது. 24 விரல் கொண்ட கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல், அரங்கப் பலகைக்கும் உத்தரப் பலகைக்கும் இடைநிலம் 4 கோல், வாயில்கள் 2. இவ்வளவுகளை இக்கால அளவைக்கு மாற்றிக் காட்டுவதோடு ஆய்வு நின்றுவிடும்போது, அவ்வரங்கில் எது நிலைபெற வேண்டும், எது இயங்க வேண்டும் என்னும் வினா விடுபடுகிறது. ஆடுநரின் காலைத் தாங்கும் உறுப்பும் காட்சியை மாற்றும் உறுப்பும் அங்கு வேறுவேறாக வகுக்கப்பட்டுள்ளன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இதனைத் தெளிவிப்பது அடியார்க்குநல்லார் உரை. இன்றைய திருப்பூர், நெருப்பெரிச்சல் முதலிய ஊர்களை உள்ளடக்கிய கொங்கு நாட்டின் நிரம்பையைச் சேர்ந்தவராகக் கொங்கு மரபு இவரைப் போற்றுகிறது. ஒருமுக எழினி, பொருமுக எழினி ஆகியவற்றைத் தூண்நிலை இடங்களில் இயங்கும் உருவுதிரைகளாகவும், கரந்துவரல் எழினியை மேற்கட்டுத் திரையாகவும் இவர் விளக்குகிறார். மூன்றும் திரைகள், அவற்றுள் எதன்மீதும் ஆடுமகள் ஏறுவதில்லை. அவளது மிதிப்பை ஏற்பது அசையாப் பலகைத் தளம் மட்டுமே. தெருக்கூத்தில் பாத்திரம் தோன்றும்போது இருவர் பிடிக்கும் திரையிலும் இப்பகுப்பு தொடர்கிறது. காப்பியம் இதனை விதியாகக் கூறவில்லை. அரங்க உறுப்புகளின் அமைப்பிலிருந்தே இது பெறப்படுகிறது.

இன்றைய நாட்டிய நாடகங்களில் படிக்கட்டு, மண்டபம், உயர்மேடை ஆகியவற்றைச் சக்கரங்களில் உருட்டி வந்து, அவற்றின் மீதே ஆடும்போது இருபணிகளும் ஒரே பொருளில் சேர்கின்றன. தட்டடவின் மிதிப்பு அசைவற்ற எடை அன்று. ஒவ்வொரு தட்டும் சட்டத்தைப் பக்கவாட்டில் உலுக்கும். எனவே சட்டங்களுக்கிடையே மூலைவிட்டத் தாங்கல் வேண்டும். இணைப்புகள் தளராதிருக்க ஆணியைவிட மரையாணி ஏற்றது. ஆடும் நேரத்தில் எடை சக்கரங்களில் நில்லாமல் ஊன்றுகால்களில் இறங்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஆடுநர் தளத்தை நம்பமாட்டார். மிதிப்பு மெலியும், அரைமண்டியின் தாழ்வு குறையும், சொற்கட்டுக்குரிய அடியோசை மங்கும். தச்சரின் குறையாகத் தோன்றுவது அடவின் குறையாக அரங்கேறும்.

நாட்டிய விமரிசனமோ காட்சிப்பொருளின் வண்ணத்தையும் தோற்றத்தையும் பாராட்டி அமைகிறது; ஆடுநரின் தளர்ச்சியைப் பயிற்சியின்மையாகக் கணிக்கிறது. இத்தீர்ப்பு பல வேளைகளில் ஆடுநருக்கு நேரும் அநீதியாகும். ஒரு காட்சிப்பொருள் எதனைக் காட்டுகிறது என்பதோடு யாரைத் தாங்குகிறது என்பதையும் விமரிசகர் மதிப்பிடல் வேண்டும். தளம், தூண், எழினி என உறுப்புவாரியாக அரங்கை நோக்கிய உரைமரபு அதற்கான நெறியை முன்னரே வழங்கியுள்ளது.