வரியும் வசனநடையும்

அமெரிக்கப் புரட்சியைப் பற்றி நாம் பள்ளியிற் கற்ற கதை எளிமையானது. பிரித்தானியா வரி விதித்தது, குடியேற்றவாசிகள் வெகுண்டெழுந்தனர், விடுதலை பிறந்தது. இச்சூத்திரம் முக்கியமான ஒரு வினாவை மறைத்துவிடுகின்றது. வரிச்சுமை மாத்திரம் புரட்சியைத் தோற்றுவிக்குமா? அக்காலத்தில் எழுந்த இரு பிரசுரங்களை ஒப்புநோக்கின் விடை ஓரளவு தெளிவாகும்.

1763இல் முடிவுற்ற ஏழாண்டுப் போர் பிரித்தானியாவின் கடனை ஏறத்தாழ இருமடங்காக்கியது. அச்சுமையின் ஒரு பகுதியைக் குடியேற்றங்களின் தலையில் ஏற்றப் பாராளுமன்றம் முனைந்தது. 1764இல் சீனிச் சட்டமும் 1765இல் முத்திரைச் சட்டமும் வந்தன. பத்திரிகை, பஞ்சாங்கம், உறுதி, வழக்குப் பத்திரம், சீட்டுக்கட்டு ஆகிய யாவற்றுக்கும் முத்திரை வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 சிலிங். பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண். ஆங்கிலமல்லாத மொழியில் எழுதப்படும் பத்திரங்களுக்கோ இரட்டை வரி! பென்சில்வேனியாவில் ஜெர்மன் மொழியில் அச்சிட்டு வாழ்ந்தோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கியிருக்கும். வழக்கறிஞரையும் அச்சகத்தாரையும் வணிகரையும் இச்சட்டம் ஒரே வேளையில் தாக்கியது; எழுதவும் அச்சிடவும் வல்லோரை ஆட்சி தானே பகைத்துக்கொண்டது. 1766இல் அச்சட்டம் நீக்கப்பட்டதெனினும், எவ்விடயத்திலும் குடியேற்றங்களுக்குச் சட்டமியற்றும் உரிமை தனக்குண்டு என்று பாராளுமன்றம் உடனேயே பிரகடனஞ் செய்தது.

கண்ணாடி, ஈயம், வர்ணம், காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது 1767இல் தீர்வை விதிக்கப்பட்டபோது யோன் டிக்கின்சன் பன்னிரண்டு கடிதங்களைப் பத்திரிகைகளில் எழுதினார். செல்வம் மிக்க வழக்கறிஞரான அவர் ஒரு கமக்காரனின் வேடத்திற் பேசினார். வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும் தீர்வை வேறு, வருமானத்துக்காக விதிக்கும் வரி வேறு என்ற அவரது வாதம் கூர்மையானது. பிரித்தானியப் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கத்துக்கு அது நியாயம் வழங்கியது. ஆயினும் இலத்தீன் மேற்கோள்கள் விரவிய அந்நடை கற்றோரையே முன்னிறுத்திப் பேசுவது; மன்னனிடம் பழைய உரிமைகளைக் கோருவதற்கப்பால் அது செல்லவில்லை. 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் டிக்கின்சன் கையொப்பமிடாமல் விலகி நின்றமை தற்செயலன்று.

இதற்கிடையில் 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் தேயிலையின் விலையைக் குறைக்கவே வழிசெய்தது என்பது மனங்கொளத்தக்கது. எனினும் டிசம்பரில் பொஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டிகள் கடலில் வீசப்பட்டன. வரியை விதிக்கும் அதிகாரமும், அதன் துணையோடு கிழக்கிந்தியக் கொம்பனி பெறும் ஏகபோகமுமே மக்கள் கண்ட பகை. 1765இல் வங்காளத்தின் வரிவசூல் உரிமையைப் பெற்ற அதே கொம்பனிதான் இது. 1770ஆம் ஆண்டின் பெரும்பஞ்சத்திலும் அங்கு வரி வசூலித்ததும் அதுவே.

துறைமுகம் மூடப்பட்டு, 1775 ஏப்பிரலில் இரத்தமும் சிந்தியபின், 1776 ஜனவரியில் தோமஸ் பெயினின் ‘கொமன் சென்ஸ்’ வெளியாயிற்று. பெயின் இங்கிலாந்தில் தீர்வை அலுவலராக உழைத்தவர். சக ஊழியரின் ஊதிய உயர்வுக்காக விண்ணப்பம் எழுதியவர். 1774இல் வேலை நீக்கப்பட்டவர். வரி அறவிட்ட அம்மனிதர் தமது பிரசுரத்தில் வரியைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார். பரம்பரை முடியாட்சி எதற்கு என்பதே அவரது வினா. விவிலியக் கதைகளையும் அன்றாட உவமைகளையும் கொண்டு, பிறர் வாசிக்கக் கேட்கும் தொழிலாளிக்கும் விளங்குமாறு அவர் எழுதினார். குறைதீர்க்கும் கோரிக்கை குடியரசுக் கோரிக்கையாயிற்று. நடையின் மாற்றம் இங்கு அலங்காரத்தின் மாற்றமன்று. யாரை நோக்கிப் பேசுவது என்ற வர்க்கத் தெரிவின் மாற்றம்.

ஆயினும் அவ்விடுதலையின் எல்லையையும் நாம் காணவேண்டும். அடிமை வாணிபத்தைக் கண்டித்து ஜெபர்சன் தமது வரைவில் எழுதிய பகுதியைப் பேரவை வெட்டி நீக்கியது. எழுதிய ஜெபர்சனும் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவரே. 1786இல் மசச்சூசெட்ஸ் கமக்காரர், போரில் படைத்தலைவனாயிருந்த டானியல் சேய்ஸ் முதலியோரின் தலைமையில், வரிக்கும் கடன் வழக்குகளுக்கும் எதிராக நீதிமன்றங்களை முற்றுகையிட்டபோது, சுதந்திர அரசே படையனுப்பி அவர்களை ஒடுக்கியது. இம்முறை வரி விதித்தது அவர்களுடைய சொந்தச் சட்டசபை.

பிரதிநிதித்துவமின்றி வரியில்லை என்ற முழக்கம் இவ்விடத்திலே போதாமற் போகிறது. யாருடைய பிரதிநிதிகள், யாருக்காக வரி என்ற அடுத்த வினாவை அது கேட்பதில்லை. புரட்சியின் இலக்கியத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், டிக்கின்சனையும் பெயினையும் சேய்ஸின் கமக்காரரோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.