வடிவம் கிடைத்த பிறகு

முனைவர் பட்டம் வாங்கியவர், பேராசிரியர் வேலை அமையும்வரை இன்னொருவருடைய ஆய்வகத்தில் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் உழைப்பதுதான் போஸ்ட்டாக். நோய்க்குக் காரணமான புரதத்தின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டறிந்து, மருந்து எங்கே பொருந்தும் என்று தேடும் கட்டமைப்பு உயிரியலில் இவர்கள் இல்லாமல் ஆய்வகம் ஓடாது.

இந்த ஏற்பாட்டின் பலத்துக்கு ஜேசன் மெக்லெல்லன் நல்ல சாட்சி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர் குவாங்கிடம் போஸ்ட்டாக்காகச் சேர்ந்தார். அங்கே இடநெருக்கடி. அதனால் பார்னி கிரஹாமின் குழு இருந்த தளத்தில் உட்கார வைக்கப்பட்டார். கிரஹாம் பல ஆண்டுகளாக ஆர்.எஸ்.வி. வைரஸோடு மல்லுக்கட்டியவர். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் இந்த வைரஸுக்கு 1960களில் சோதித்த தடுப்பூசி நோயை முற்ற வைத்து, இரண்டு குழந்தைகள் இறந்தன.

வைரஸின் எஃப் புரதம் செல்லுக்குள் நுழையும்போது உருமாறி நீண்டுவிடும். மிக வலுவான ஆன்டிபாடிகள் பற்றுவதோ உருமாறுவதற்கு முந்தைய வடிவத்தை. நிலைகொள்ளாத அந்த வடிவத்தை 2013இல் கண்டறிந்த குழு, அதே ஆண்டில் ஒரு டைசல்ஃபைடு பிணைப்பால் அதை இறுக்கி, உள்ளே இருந்த குழியைப் பருத்த அமினோ அமிலங்களால் அடைத்து நிறுத்தியது. அந்த வழியில் வந்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசிகளுக்கு 2023இல் அங்கீகாரம் கிடைத்தது. மெக்லெல்லனின் திறமையில் சந்தேகமில்லை. ஆனால் நோயை அறிந்தவர் கூப்பிடு தூரத்தில் இருந்ததற்கும் அதே அளவு பங்கு உண்டு என்பேன்.

செல்லுக்குள் புரதங்களைத் தயாரிக்கும் ரைபோசோமின் கதை வேறு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அதில் கைவைத்தது ஏல் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக இருந்தபோதுதான். பிறகு சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. 2000இல் வடிவம் துலங்கியது, 2009இல் நோபல் வந்தது. அந்த வடிவங்களை நம்பி, ஆன்டிபயாடிக் தேட ஏல் விஞ்ஞானிகள் தொடங்கிய ரிப்-எக்ஸ் நிறுவனம், மெலிண்டா என்று பெயர் மாறி 2017இல் டெலாஃப்ளாக்சசினுக்கு அனுமதி பெற்றது. அந்த ஆன்டிபயாடிக் ரைபோசோமைத் தொடுவதே இல்லை! 2019இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

வடிவம் வெளியானதும் போஸ்ட்டாக்கின் கணக்கு முடிந்துவிடுகிறது. மூலக்கூறு பாக்டீரியாவுக்குள் போகிறதா, போனாலும் வெளியே தள்ளப்படுகிறதா, ஈரலைக் கெடுக்கிறதா என்று மாதக்கணக்கில் பார்த்தவருக்குப் பெரிய இதழில் கட்டுரை வராது, வேலையும் வராது. சம்பளமும் அப்படித்தான்: தொடக்க உதவித்தொகையாக ஆண்டுக்கு 70,000 டாலர் வேண்டும் என்று தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவே சொன்ன பிறகு, 2024இல் அறிவிக்கப்பட்டது 61,008.

இப்போது ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் கணித்த புரத வடிவங்கள் 2021 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. மருந்து ஒட்டும்போது புரதம் எப்படி நெளிகிறது என்பதற்கு இன்னமும் சோதனைதான் கதி. அது இரண்டு ஆண்டில் முடிகிற வேலையல்ல. ஒப்பந்தத்தை ஐந்தாண்டாக்கி, பக்கத்தில் ஒரு வேதியியலாளரையும் அமர்த்த மனமில்லாத ஆய்வகங்கள், மானிய விண்ணப்பத்தில் ‘மருந்து’ என்று எழுதாமல் இருக்கலாம்.