ஆர்ஓடிசி-யும் அந்த ஒரு டெக்ஸ்ட் ஃபைலும்

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. சர்வர் ரூம்னு தனியா எதுவும் கிடையாது. பில்லிங் கவுன்டருக்குப் பின்னால் ஒரு ரேக், அதன் பக்கத்தில் தண்ணி கேன். சாவி இருப்பது செக்யூரிட்டியிடம். மைக்ரோசாஃப்ட் 2008 சர்வரில் ரீட் ஒன்லி டொமைன் கன்ட்ரோலரைக் (சுருக்கமா ஆர்ஓடிசி) கொண்டுவந்ததே இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

சாதாரண டொமைன் கன்ட்ரோலரில் கம்பெனி மொத்தத்தின் பாஸ்வேர்டு ஹாஷும் இருக்கும். ஆர்ஓடிசி-யில் நாம் அனுமதித்த கணக்குகளுடையது மட்டும்தான் தங்கும். பெட்டியை யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் அந்தக் கொஞ்சம் பேரின் பாஸ்வேர்டை மாற்றினால் போதும். கிளையை முழுசா நம்பாதே என்பதுதான் இந்த வடிவமைப்பின் அடிப்படை.

இப்போ என் புகாருக்கு வர்றேன். இதை நிறுவ நம்மாட்கள் வழக்கமா எடுக்கும் குறுக்குவழி, டிசிப்ரோமோ கட்டளைக்கு ஒரு அன்அட்டெண்டட் ஃபைலைக் கொடுப்பது. டொமைன் பெயர், சைட் பெயர், டிஎன்எஸ் வேணுமா என்பதெல்லாம் அதில் வரி வரியா இருக்கும். வசதிதான், மறுக்கல. பத்து கிளைக்கும் ஒரே மாதிரி வரும், கைத்தவறு குறையும். 2012 சர்வரில் டிசிப்ரோமோ விசார்டு போன பிறகும் இந்த ஃபைல் முறை ஓடுது. ஆனா நான் பார்த்த ஃபைல்களில் டொமைன் அட்மின் பாஸ்வேர்டும் அப்படியே எழுத்தில் இருந்தது. எந்த இடத்தை நம்பலையோ, அங்கேயே மொத்த டொமைனின் சாவியை பென்டிரைவில் எடுத்துட்டுப் போறோம்!

நிறுவி முடிந்ததும் ஃபைலிலிருந்து பாஸ்வேர்டு அழிந்துவிடும் என்பார்கள். உண்மைதான், ஓடின ஃபைலில் அழியும். மெயிலில் அனுப்பிய காப்பியிலும் டெஸ்க்டாப்பில் கிடக்கும் காப்பியிலும் அழியாது. பாஸ்வேர்டு வரியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ஓடும்போது அதுவே கேட்கும். அதைக்கூடப் பலர் செய்வதில்லை.

அதைவிட நல்ல வழி இரண்டு கட்டமாகச் செய்வது. தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தே ஆர்ஓடிசி-யின் கணக்கை முன்கூட்டி உருவாக்கி, கிளையில் இருக்கும் ஒரு சாதாரண யூசருக்கு இணைக்கும் உரிமையைக் கொடுத்துவிடலாம். அவர் தன் சொந்தக் கணக்கை வைத்து சர்வரை அதோடு இணைப்பார். அன்அட்டெண்டட் ஃபைலை இதற்கும் பயன்படுத்தலாம். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு மட்டும் யார்டு வாசலைத் தாண்டாது.

இன்னொரு குறை: பாஸ்வேர்டு அனுமதிப் பட்டியல் ஆரம்பத்தில் காலியாகத்தான் வரும். அதை நிரப்பாம விட்டுட்டு "லைன் போனாலும் வேலை நடக்கும்"னு சொல்பவர்கள், 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்தப்போ சென்னையில் போனும் நெட்டும் எப்படி இருந்ததுன்னு யோசிச்சுப் பாக்கணும். லைன் அறுந்தால் யூசரின் பாஸ்வேர்டு, அந்தக் கம்ப்யூட்டர் கணக்கின் பாஸ்வேர்டு இரண்டும் ஆர்ஓடிசி-யில் இருந்தால்தான் அது உள்ளே விடும். ஏற்கெனவே அதே மெஷினில் லாகின் பண்ணினவர் விண்டோஸ் சேமித்து வைத்ததை வைத்துத் தப்பிப்பார். ஷிஃப்டு மாறி வருகிறவர் வெளியே நிற்பார்.

ஆர்ஓடிசி-யை பேக்கப்னு நினைப்பதும் தப்பு. 2017 ஜூன் 27-ல் நாட்பெட்யா தாக்கியபோது, மெர்ஸ்க் கப்பல் கம்பெனியின் டொமைன் கன்ட்ரோலர்களில் மிஞ்சியது கானாவில் கரன்ட் போனதால் அணைந்திருந்த ஒன்றுதான் என்று செய்தி வந்தது. அது ஆர்ஓடிசி-யாக இருந்திருந்தால், பெரும்பாலான பாஸ்வேர்டுகளே இல்லாத ஒரு காப்பிதான் கிடைத்திருக்கும்.

அந்த யார்டில் கடைசியில் இரண்டு கட்டமாகத்தான் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன் கேபிளைப் பிடுங்கிவிட்டு லாகின் பண்ணிப் பார்த்தோம். கேட் பக்கம் இருந்த மூன்று மெஷின்கள் உள்ளே விடல. யூசர்களைப் பட்டியலில் சேர்த்திருந்தோம், கம்ப்யூட்டர்களை மறந்துட்டோம்.