ஏழாவது சோடி

காரின் கோளாறுகளைப் படிக்கும் இந்த டொங்கிள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேரே இருக்கும் ஓபிடி சொக்கட்டில் செருகி, போனோடு புளூடூத்தில் இணைத்துவிட்டால் காரின் உள்ளே நடப்பது திரையில் எண்களாக வரத் தொடங்கும். விலை சில ஆயிரம் ரூபாய். என் 2010 பிரியஸில் இதைப் பத்து மாதமாகப் பாவிக்கிறேன். பழைய ஹைபிரிட் வைத்திருக்கும் யார் கேட்டாலும், அடுத்த சேவிஸுக்கு முன் இதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

என்னை வாங்கவைத்தது ஒரு மாலை நேரம். கண்டி வாவிக்கரையிலிருந்து அம்பிட்டிய ஏற்றத்தில் வரும்போது, குருமடத்தை அடைவதற்குள் டெஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. கூடவே செக் என்ஜின் லைட். கார் இழுக்கச் சிரமப்பட்டது. மறுநாள் ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைக்கூடத் திறக்காமல், "முழு ஹைபிரிட் பெட்டரியும் மாத்தணும்" என்றார்கள். கணினி பதிந்த கோளாறுக் கோட் என்ன என்று கேட்டேன். கோட் எதற்கு, லைட்தான் எரிகிறதே என்று பதில் வந்தது.

அந்த முக்கோணத்துக்குத் தனியாக ஒரு பொருள் கிடையாது. மற்ற எச்சரிக்கைகளைப் பாருங்கள் என்று சொல்லும் மணி மட்டுமே அது. பிரேக் கோளாறுக்கும் எரியும், இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்ப் நின்றாலும் எரியும், பின்னால் மூலையில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பெட்டரி சோர்ந்தாலும் எரியும். இந்தக் கடைசிக் காரணத்தை 2022இலேயே அனுபவித்திருந்தேன். நாட்டில் பெட்ரோல் தட்டுப்பாடாகி, கார் வாரக்கணக்கில் வீட்டு வாசலில் கிடந்தது. கியூஆர் அட்டையில் வாரம் 20 லீட்டர் என்று கிடைக்கத் தொடங்கியபோது பட்டனை அமுக்கினால் ரெடி லைட் வரவில்லை. மற்றெல்லா லைட்டும் வந்தன. மல்டிமீட்டரில் சின்ன பெட்டரி 11 வோல்ட்தான் காட்டியது. பிரியஸில் என்ஜினைச் சுற்றிவிடுவது பெரிய பெட்டரி. சின்னதன் முக்கிய வேலை கணினிகளை எழுப்புவது. அது பலவீனப்பட்டால் கணினிகள் குழம்பிப்போய், சம்பந்தமில்லாத கோளாறுகளை எல்லாம் பதிந்து வைக்கும். அதைப் பெரிய பெட்டரியின் சாவு என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் டொங்கிளைச் செருகியதும் முதலில் பார்க்கவேண்டியது இந்தச் சின்ன பெட்டரியின் வோல்ட்டைத்தான். காரைப் போடுமுன் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நலம். 12க்குக் கீழே என்றால் சந்தேகம் அங்கேயே தொடங்கட்டும். ரெடி வந்தபின் 14க்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அடுத்தது கோட். இங்கேதான் மலிவான கருவிகள் ஆளை ஏமாற்றும். சாதாரண செயலி என்ஜின் கணினியை மட்டும் விசாரித்துவிட்டு 'கோளாறு இல்லை' என்று பச்சையாகக் காட்டியது. முக்கோணம் என் கண் முன்னே எரிந்துகொண்டிருந்தது. ஹைபிரிட் கணினி வேறு, அதன் கதவைத் தட்டத் தெரிந்த செயலி வேண்டும். கார் ஸ்கேனர் செயலியில் டொயோட்டா ஹைபிரிட்டைத் தெரிவு செய்து மறுபடி தேடியபோது இரண்டு கோட்கள் வந்தன: பி0ஏ80, பி3017. முதலாவது பெட்டரி மாற்றவேண்டும் என்பது. இரண்டாவது எந்த இடம் என்று விரல் நீட்டிக் காட்டுவது: ஏழாவது சோடி.

இந்த பிரியஸின் பெட்டரியில் 28 மொடியூல்கள். கராஜ்களில் 'செல்' என்பது இதைத்தான். உண்மையில் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு செல்கள், 7.2 வோல்ட். மொத்தம் 201.6 வோல்ட். கணினி இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 சோடிகளாகக் கண்காணிக்கிறது. டொக்டர் பிரியஸ் செயலியில் அந்த 14 சோடியும் தூண்களாக எழும்பி நிற்கும். வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே உயரம். நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, போனை அவர் கையில் கொடுத்து, அதே ஏற்றத்தில் அழுத்திக்கொண்டு வந்தோம். பதின்மூன்று தூண்கள் 14 வோல்ட்டுக்கு அருகில் ஒன்றாகத் தாழ்ந்தன. ஏழாவது மட்டும் 12.7க்கு விழுந்தது. சமதரையில் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. கண்டியின் ஏற்றங்களைவிட நல்ல சோதனைச்சாலை ஹைபிரிட் பெட்டரிக்குக் கிடையாது.

ஏழாவது சோடி நடுவில் இருப்பது. சூடு அதிகம் தேங்கும் இடம். வெப்பநிலை 47 பாகை காட்டியது. இன்னொரு கராஜ்காரரிடம் போனில் சொன்னேன். "தம்பி, பின் சீட்டுப் பக்கம் காத்து உள்ள போற வழியைத் துப்புரவு பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். பண்ணவே இல்லை. அவர் விசிறியைக் கழற்றியபோது இறக்கைகளில் தூசியும் துணி நாரும் கம்பளிபோல் படிந்திருந்தன. பழுதான இரண்டு மொடியூல்களை மாற்றி, பச்சை பிடித்திருந்த செப்புத் தகடுகளையும் சுத்தம் செய்து தந்தார். இதை வீட்டில் செய்ய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சேவிஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, மின்காப்புக் கையுறையோடு தொடவேண்டிய வேலை இது. 200 வோல்ட் நேர்மின்னோட்டம் உயிரைக் குடிக்கும்.

கருவியின் குறைகளையும் சொல்லவேண்டும். சந்தையில் வருபவை பெரும்பாலும் இஎல்எம்327 சில்லின் நகல்கள். மூன்று வாங்கினேன், ஒன்று ஹைபிரிட் கணினியோடு பேசவே இல்லை. ஐபோனுக்கு வேறு வகை டொங்கிள் தேவை. செருகியபடியே விட்டால் சின்ன பெட்டரியை உறிஞ்சும். கோட்டோடு வரும் மூன்று இலக்க உட்கோட்டை இது காட்டாது. அதற்கு டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருள் ஓடும் மடிக்கணினி வேண்டும். 'அழி' என்ற பொத்தானை மட்டும் அவசரத்தில் அமுக்கிவிடாதீர்கள். லைட் அணையும், ஆனால் கோளாறு நடந்த கணத்தில் கணினி பிடித்துவைத்த வேகம், சூடு, மின்னோட்டம் எல்லாம் அழிந்துபோகும். மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அது.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே ஓட்டினோம். புதியது வாங்கும் வசதி இன்றும் என்னைப் போன்றவர்களுக்கு இல்லை. ஆகவே மாதம் ஒருமுறை அதே ஏற்றத்தில் அதே சோதனை. ஏழாவது சோடி மற்றவற்றோடு சேர்ந்தே தாழ்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்ததில், பக்கத்திலிருக்கும் எட்டாவது 0.3 வோல்ட் பின்தங்கியிருந்தது. கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்.