கல்யாண வீட்டுக் குரல்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பாடகர் மெஹ்பூபை யாரும் வெறும் பெயரால் குறிப்பிடுவதில்லை. 'மெஹ்பூப் பாய்' என்றுதான் சொல்வார்கள். அவர் காலமானது 1981இல். சினிமாவில் பாடியது கொஞ்சம்தான். கல்யாண வீடுகளில் விடிய விடியப் பாடியதற்குக் கணக்கே கிடையாது. எந்தப் பாட்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடுவது அவர் வழி. கொச்சிப் பாட்டுக்கென்று ஒரு தனி ருசி உண்டென்றால், அது இந்தப் பேச்சுத் தொனியில்தான் இருக்கிறது.

ஊரும் அதற்கு ஏற்ற ஊர். துறைமுகத்தை நம்பி வந்த கச்சி மேமன்கள், குஜராத்திகள், கொங்கணிகள், யூதர்கள், பக்கத்து வேளிப் பகுதியில் துணி வெளுக்க வந்து தங்கிவிட்ட நம் தமிழர்கள் என்று ஒரு தெருவுக்குள் நாலு மொழி புழங்கியது. மெஹ்பூப் தக்னி முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் உருது, வெளியே மலையாளம், காதில் இந்திப் பாடகர்கள் சைகலும் ரஃபியும். ஒரு ஹார்மோனியமும் தபலாவும் கிடைத்தால் போதும், கல்யாண வீட்டு மாடி மெஹ்ஃபில், அதாவது பாட்டுச் சபை, ஆகிவிடும்.

1951இல் வந்த 'ஜீவித நௌகா' படத்தில், ரஃபியின் 'சுஹானி ராத்' மெட்டுக்கு மலையாள வரிகள் போட்டு அவரைப் பாடவைத்தார்கள். அந்தக் காலத்தில் நம் ஊரிலும் இந்தி மெட்டுகள் இப்படித்தான் வேட்டி கட்டிக்கொண்டு வந்தன. மெஹ்பூபின் சொந்த முகம் தெரிவது 1954இன் 'நீலக்குயில்' படத்தில். கே. ராகவன் இசை, பி. பாஸ்கரன் வரிகள். 'மானென்னும் விளிக்கில்ல' பாட்டில் காதலன் மான், மயில் என்ற பழைய உவமைகளையெல்லாம் ஒவ்வொன்றாக வேண்டாமென்று தள்ளுகிறான். மெஹ்பூப் அதை உருகி உருகிப் பாடுவதில்லை. ஒவ்வொரு அடியின் முடிவையும் இழைத்து மெருகேற்றாமல் அப்படியே விட்டுவிடுகிறார். அந்த அலட்சியத்தில்தான் காதல் நம்பும்படி இருக்கிறது.

1963இல் 'டாக்டர்' படத்துக்காக தேவராஜன் இசையில் பாடிய 'வண்டீ புகவண்டீ'யும் அப்படித்தான். ரயிலைப் பார்த்து, உன்னைப்போல என் வயிற்றிலும் தீதான் என்கிறான் பசித்தவன். கேட்டால் சிரிப்பு வரும். பசியின் வலியை அந்தச் சிரிப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறார், குரலை அழவிடுவதில்லை.

பசி அந்தத் துறைமுகத்துக்குப் புதிதில்லை. கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசி, பாய்ந்து பொறுக்கியவனுக்கு மட்டும் அன்றைய வேலை என்ற 'சாப்பா' முறை அங்கே இருந்தது. அதை எதிர்த்த தொழிலாளர்கள்மீது 1953 செப்டம்பரில் போலீஸ் சுட்டது. இயக்குநர் ராஜீவ் ரவி பின்னால் இதைத்தான் 'துறைமுகம்' என்று படமாக எடுத்தார். மேப்பள்ளி பாலன் எழுதி மெஹ்பூப் பாடிய 'காயலினரிகே' அந்தக் கொச்சிக் காயல் கரையின் பாட்டு. அதே ராஜீவ் ரவியின் 'அன்னயும் ரசூலும்' படத்தில் 2013இல் அது திரும்பி வந்தது. பாடியவர் ஷஹபாஸ் அமன். படத்துக்கு இசை, 'யுத்தம் செய்' படத்தில் நாம் கேட்ட நம்முடைய இசையமைப்பாளர் 'கே'. பழைய பாட்டென்று தெரியாமலே இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள்.

மெஹ்பூபுக்குத் தபலா வாசித்த பையன் ஒருவர் பம்பாய்க்குப் போய் இசையை முறையாகக் கற்றுத் திரும்பினார். அவர்தான் உம்பாயி. மலையாளத்தில் கஜல் என்றாலே அவர் பெயர் என்று ஆகிவிட்டது. கவிஞர் ஓ.என்.வி. குறுப்பு அவருக்காகப் பாடல்கள் எழுதினார். மெஹ்பூப் சொற்களைக் கூட்டத்துக்கு வாரி இறைப்பார். உம்பாயி ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பாடுவார், ஹார்மோனியம் பதில் சொல்லும். உருது கஜலின் ஈரடிக் கட்டும் இயைபும் இதில் எங்கே என்று பண்டிதர்கள் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் உம்பாயி கஜலிடமிருந்து எடுத்துக்கொண்டது அதன் நிதானத்தை. 2018 ஆகஸ்ட் 1இல் அவரும் போய்விட்டார்.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் ரஃபியின் 'சுஹானி ராத்' மூலப் பாட்டிலிருந்து தொடங்கலாம். பிறகு மெஹ்பூப், கடைசியில் உம்பாயி. சுருதியையும் சங்கதியையும் அளக்கிற காது முதலில் கொஞ்சம் முகம் சுளிக்கும். மெஹ்பூபின் அடிமுடிவுகளை ஸ்டூடியோவில் யாராவது இன்றைக்குச் சீர்செய்தால் பாட்டு சுத்தமாகிவிடும், மட்டாஞ்சேரி அதிலிருந்து காணாமல் போய்விடும்.