தோஹாவில் இரண்டு எண்ணூறு மீட்டர்கள்: தேசம், மருந்து, உடல்

கிரிக்கெட்டின் அரசியல் பற்றி நாம் நிறையவே பேசியாகிவிட்டது. அதன் காலனியம், சாதி, சந்தை, பாகிஸ்தானோடு ஆட்டம் வந்தால் கிளம்பும் தேசபக்திக் காய்ச்சல் என்று எல்லாவற்றையும் கட்டுடைத்துப் பார்த்திருக்கிறோம். தடகளத்தை அப்படி வாசிக்க வேண்டும் என்று பெரும்பாலும் தோன்றுவதில்லை. ஓட்டம் என்பது அப்பாவியான விஷயம், கால் இருந்தால் ஓடலாம், முதலில் வந்தவர் முதல், இதில் என்ன பிரதி, என்ன சொல்லாடல் என்கிற எண்ணம் நமக்கு. பொன்னமராவதியில் உட்கார்ந்துகொண்டு ஒலிம்பிக்கும் ஆசியப் போட்டியும் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்விழித்தவன் என்கிற முறையில் எனக்கு அந்த அப்பாவித்தனத்தில் நம்பிக்கை போய் வெகுநாளாகிறது. போனதற்குக் காரணம் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது.

2006 டிசம்பர், தோஹா ஆசியப் போட்டி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். கடைசி எட்டில் கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவை அவர் முந்திய இடைவெளி 0.03 வினாடி. செங்கல் சூளைக் கூலிகளின் மகள், தலித் பெண். சில நாட்களில் பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள்.

2019 ஏப்ரல், அதே தோஹா, அதே கலீபா மைதானம், அதே 800 மீட்டர். ஆசியத் தடகளப் போட்டியில் திருச்சி பக்கத்து முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2:02.70இல் ஓடித் தங்கம் வாங்கினார். அவர் மாதிரியில் நாண்ட்ரோலோன் வகை ஸ்டீராய்டு இருந்ததாக அறிக்கை வந்தது. தடைசெய்யப்பட்ட எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார். 2020இல் நான்கு ஆண்டுத் தடை உறுதியானது, தங்கமும் போனது.

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் வைக்கிறார்கள். 'ரெண்டு புள்ளைகளும் நம்ம பக்கம்தான், ரெண்டும் ஏதோ டெஸ்டுல மாட்டிக்கிச்சு' என்று ஒரே மூச்சில் பேசுகிறார்கள். சாந்தி எதையும் உட்கொள்ளவில்லை, எதையும் மறைக்கவில்லை. அவர் மீது ஊக்கமருந்துக் குற்றச்சாட்டே கிடையாது. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு நேர்ந்தது ஒரு மோசடிக்காரிக்கு நேர்வதைவிடக் கொடூரமானது. மருந்து வழக்கில் 'ஏ' மாதிரி, 'பி' மாதிரி, விசாரணை, வழக்கறிஞர், மேல்முறையீடு என்று வரிசையாகப் படிகள் உண்டு. கோமதிக்கு அவை கிடைத்தன, சாந்திக்குக் கிடைக்கவில்லை. அவருக்காக வழக்காட இந்திய ஒலிம்பிக் சங்கம் முன்வரவில்லை. 2009 பெர்லினில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கு இதே அவமானம் நேர்ந்தபோது அவருடைய அரசாங்கமே எழுந்து நின்றது, தங்கம் அவரிடமே இருக்கிறது. 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்துக்கு இந்திய விளையாட்டு ஆணையம் உதவியது, 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியையே நிறுத்தி வைத்தது. இடையில் உலகம் சற்றே கற்றுக்கொண்டிருந்தது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள ஒரு உடம்பு தேவைப்பட்டது, அது புதுக்கோட்டையிலிருந்து போனது.

இனி மருந்துக்கு வருவோம். நம்மிடம் புழங்கும் மருந்து வரலாறு, பனிப்போர் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதிக்கொடுத்தது. அதில் வில்லன் கிழக்கு ஜெர்மனி. அது பொய் இல்லை. அரசுத் திட்டம் 14.25 என்று பெயரிட்டு, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுமிகளுக்குக்கூட வைட்டமின் என்று சொல்லி ஓரல் டூரினபோல் மாத்திரையைக் கொடுத்தார்கள். 2000இல் பெர்லின் நீதிமன்றத்தில் விளையாட்டுத் தலைவர் மான்ஃபிரெட் எவால்டும் மருத்துவர் ஹோப்னரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சோஷலிசத்தின் மேன்மையைச் சிறுமிகளின் ஈரலில் எழுதிக் காட்டிய அரசை நம்மில் இடதுசாரி நண்பர்கள் சிலர் இன்னமும் பூசி மெழுகுவது எனக்குப் புரிவதில்லை. ஆனால் கதை அங்கே நிற்பதும் இல்லை. 1988 சியோலில் பென் ஜான்சன் 100 மீட்டரை 9.79இல் ஓடி, ஸ்டானோசோலோல் பிடிபட்டபோது தங்கம் கார்ல் லூயிசுக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் லூயிசின் மாதிரியிலும் தடைசெய்யப்பட்ட ஊக்கிகள் இருந்தன, அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி மன்னித்து அனுப்பியது என்கிற விஷயம் 2003இல்தான் வெளியே வந்தது. அரசு கொடுத்தால் சர்வாதிகாரம், கமிட்டி மூடி மறைத்தால் தெரியாமல் நடந்த தவறு!

பென் ஜான்சன் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓடி ஜெயித்த அன்று அவர் கனடாக்காரர். பிடிபட்ட பிறகு பத்திரிகைகளுக்கு அவர் 'ஜமைக்காவில் பிறந்தவர்' ஆகிவிட்டார். தேசம் என்கிற சட்டையை மாட்டிவிடுகிறவர்கள் யார், கழற்றுகிறவர்கள் யார் என்பது அந்த இரண்டு மூன்று நாட்களில் பச்சையாகத் தெரிந்தது. தோஹாவில் சாந்திக்கு முன்னால் ஓடித் தங்கம் வாங்கிய மரியம் யூசுஃப் ஜமால் எத்தியோப்பியாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடியவர். எண்ணெய்ப் பணம் ஒரு பெண்ணுக்குப் பெயரையும் கொடியையும் மாற்றித் தரும், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்து ஓடுபாதையில் ஓடுகிறவள் 'பெண்தானா' என்பதில் மட்டும் சந்தேகம் வரும்.

நம்முடைய தேசம் என்ன செய்கிறது? கோமதி ஜெயித்தது தேர்தல் நேரம். கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு லட்சங்களை அறிவித்தன. ஷூவைப் பற்றி, வறுமையைப் பற்றி உருக்கமான கதைகள் வந்தன. (வறுமை இல்லாத வீராங்கனையை நமது பத்திரிகைகளுக்கு எழுதத் தெரியாது. அழுகை வராவிட்டால் அவர்களுக்குத் தங்கமே செல்லாது.) அப்போதே ஒரு மாதிரி ஆய்வகத்தில் கிடந்தது. 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் ஃபெடரேஷன் கோப்பையின்போது எடுத்தது அது. முடிவு தோஹாவுக்கு முன் வந்திருந்தால் அவரை அனுப்பியே இருக்க மாட்டோம் என்று தடகளச் சம்மேளனம் ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மேல் பழி போட்டது. அதே ஆகஸ்டில் டெல்லியிலுள்ள தேசிய ஆய்வகத்தின் அங்கீகாரத்தையே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை நிறுத்தி வைத்தது, திரும்பக் கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. ஆய்வகம் சரியில்லை, முகமை நேரத்துக்குச் சொல்லவில்லை, சம்மேளனம் கேட்கவில்லை. தண்டனை பெற்றது ஒரே ஆள்.

விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. உடம்பில் எது கண்டுபிடிக்கப்பட்டாலும் அதற்கு ஓடுகிறவரே முழுப் பொறுப்பு. எப்படி வந்தது, யார் கொடுத்தார் என்பது தண்டனையின் அளவைத் தீர்மானிக்க மட்டும். ஆய்வகத்துக்கு இது வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எல்லாரும் 'தெரியாது சார்' என்றுவிடுவார்கள். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? 2010 காமன்வெல்த்திலும் ஆசியப் போட்டியிலும் 4×400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய அணியின் பெண்களில் மூன்று பேர் 2011இல் ஸ்டீராய்டில் பிடிபட்டார்கள். வெளிநாட்டுப் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்தான் காரணம் என்றார்கள். பயிற்சியாளர் வேலையிழந்தார், பெண்கள் இரண்டாண்டு இழந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டின் மேல்தட்டில் இருந்தவர்களில் யாராவது ஓடுபாதையை விட்டு இரண்டாண்டு வெளியே நின்றார்களா?

ஊக்கமருந்தைத் தேசப் பெருமையின் நோய் என்று சொல்வது வழக்கம். கிழக்கு ஜெர்மனிக்கு அது சரி. அமெரிக்காவில் அது சந்தையின் நோய். மரியன் ஜோன்ஸ் விளம்பர ஒப்பந்தங்களுக்காக ஓடினார், 2007இல் ஒப்புக்கொண்டார், பொய் சொன்னதற்காக 2008இல் ஜெயிலுக்கும் போனார். (சிட்னியில் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கிய இலங்கையின் சுசந்திகா ஜயசிங்கவுக்கு அந்த வெள்ளி ஒன்பது வருஷம் கழித்துக் காகிதத்தில் வந்தது. மேடை வரவில்லை.) இந்தியாவில் இது வேறு. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டியில் ஊக்கமருந்து அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆட்கள் காணாமல் போனார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் ஓடினார். மைதானக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. முடிவுக்கோட்டைத் தாண்டிய ஒரு சிறுமி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததாகவும், அதிகாரி பின்னால் துரத்தியதாகவும் செய்தி. இந்த மாநிலப் போட்டியில் எந்தக் கொடி ஏறப்போகிறது? ஒரு கொடியும் இல்லை. சான்றிதழ்தான். ரயில்வே, போலீஸ், ராணுவம், வருமான வரித்துறை என்று ஸ்போர்ட்ஸ் கோட்டா. 2023ஆம் ஆண்டு உலக முகமையின் கணக்கில் இந்தியாவின் 5,606 மாதிரிகளில் 213இல் மருந்து இருந்தது, அதாவது 3.8 விழுக்காடு. அதிக மாதிரிகள் எடுத்த நாடுகளில் மோசமான விகிதம். மேலே தேசபக்தி பேசப்படுகிறது, கீழே நடப்பது வேலைவாய்ப்புப் பிரச்சினை. எங்கள் பக்கம் விடிகாலையில் ரோட்டோரம் ஓடுகிற பையன்களைக் கேளுங்கள், எவனும் ஒலிம்பிக் என்று சொல்லமாட்டான். 'எஸ்.ஐ. செலக்ஷன்ணே' என்பான்.

இதனால் மருந்து எடுத்தவர்களை நான் மன்னிக்கச் சொல்லவில்லை. 2019இல் இரண்டாவதாக வந்த சீனப் பெண் வாங் சுன்யு அன்று மேடையில் நின்று கேட்டது நம் தேசிய கீதத்தை. அந்த நாளை அவருக்கு யாரும் திருப்பித்தர முடியாது. 1993இல் மா ஜுன்ரனின் சீனப் பெண்கள் சாதனைகளை உடைத்தபோது 'ஆமை ரத்தமாம், எல்லாம் மருந்துய்யா' என்று சிரித்த நாம்தான், நம் ஊர்ப்பெண் என்றதும் 'சதி' என்கிறோம். ரசிகனின் தேசியம் இதுதான்: அடுத்தவன் உடம்பில் மருந்து, நம்ம உடம்பில் சதி.

ஆனால் மருந்து, பாலினம் என்கிற இரண்டு சோதனைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு, டெஸ்டோஸ்டீரோன். வெளியிலிருந்து ஏற்றினால் மோசடி. உள்ளேயே சுரந்தால் 'நியாயமற்ற அனுகூலம்'. 2011 விதியில் பெண்ணுக்கான வரம்பு லிட்டருக்கு 10 நானோமோல். 2018இல் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரை 5. 2023இல் எல்லாப் போட்டிகளுக்கும் 2.5. பன்னிரண்டு வருஷத்தில் மூன்று எல்லைகள். இயற்கை நடுவில் மாறவில்லை, கமிட்டி மாறியது. அந்த விதிகளின்படி வரம்பைத் தாண்டியவர் ஓட வேண்டுமானால் என்ன செய்ய வேண்டியிருந்தது? மருந்து சாப்பிட்டுக் குறைக்க வேண்டியிருந்தது. மருந்து சாப்பிடாதே என்று நூறு பக்கம் விதி எழுதிய அமைப்பு, ஒரு ஆரோக்கியமான பெண்ணைப் பார்த்து மருந்து சாப்பிடு என்றது. செமன்யா பல ஆண்டுகள் அப்படிச் சாப்பிட்டு ஓடியவர். உடல்மீது அதிகாரம் எழுதுகிறது என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டு நாம் உருவகமாகச் சொல்வோமே, இங்கே அது மாத்திரை அட்டையில் வேளைக்கு ஒன்று என்று வந்தது.

கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோச் 1985இல் 400 மீட்டரை 47.60இல் ஓடிய சாதனை 2025 முடியும்வரை ஏட்டில் இருந்தது. அந்த நாட்டின் ஆவணங்கள் எல்லாம் திறந்த பிறகும் அதை யாரும் அழிக்கவில்லை. சாந்தியின் 2:03.16ஐ அழிக்கச் சில நாட்கள் போதுமாக இருந்தது.

பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்தபடியே 15 லட்சம் கொடுத்தார், அதை இங்கே பதிய வேண்டும். சாந்தி புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 2007இல் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். 2012இல் செங்கல் சூளையில் நாளுக்கு 200 ரூபாய்க்கு வேலை செய்வதாகச் செய்தி வந்தது. ஆசியப் பதக்கம் வாங்கிய கால்கள் அப்பா அம்மா மிதித்த அதே மண்ணை மிதித்தன. நிரந்தர அரசுப் பயிற்சியாளர் வேலை வர ஏறக்குறைய பத்து வருஷம். இந்தப் பத்து வருஷத்தில் தேசப் பெருமை எங்கே போயிருந்தது என்று கேட்டால், பெருமை பதக்கத்தோடு போய்விட்டது என்பதுதான் பதில். சேரிப் பெண்ணின் உடம்பு கொடியைச் சுமக்கும்வரை இந்தியாவின் உடம்பு. அதன்மேல் கேள்வி எழுந்ததும் அது கத்தக்குறிச்சியின் உடம்பு.

2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓடுகிறவர்களுக்கு எஸ்.ஆர்.ஒய் மரபணுச் சோதனையை, வாழ்நாளில் ஒரு முறை, கட்டாயமாக்கிவிட்டது. கன்னத்து உட்புறம் ஒரு பஞ்சு, அல்லது கொஞ்சம் ரத்தம். 1999இல் ஒலிம்பிக் கமிட்டி இதைப் போன்ற எல்லாருக்குமான சோதனையைக் கைவிட்டபோது சொல்லப்பட்ட அறிவியல் ஆட்சேபங்கள் அப்படியேதான் இருக்கின்றன. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருகிறது, 2036 ஒலிம்பிக்குக்கும் நாம் கேட்டிருக்கிறோம். அதற்காகக் கிராமம் கிராமமாய்ப் பெண்பிள்ளைகளைத் தேடிப் போவார்கள். அந்தப் பிள்ளையிடம் நீட்டும் சம்மதத் தாள் எந்த மொழியில் இருக்கும், முடிவு யாருக்கு முதலில் சொல்லப்படும், தேறாவிட்டால் அவள் ஊர் திரும்பும் பஸ்ஸில் கூட யார் வருவார்கள் என்று இப்போதே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். சம்மேளனத்திடமும் மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கூடவே 2006ஆம் ஆண்டுப் பதக்கத்தையும் திருப்பிக் கேட்க வேண்டும்.